இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

தெருவில் எல்லோருக்கும் அவர் பத்துச்சக்கரம்தான். இருபத்திரண்டு வருஷம் பத்துச் சக்கர லாரி ஓட்டியவருக்கு வேறென்ன பட்டம் கொடுப்பார்கள்? லாரி போயிற்று. இடது காலும் முழங்காலுக்குக் கீழே போயிற்று. ஆறு வருஷமாக ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, மனைவி தைக்கும் பள்ளிச் சீருடைகளுக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தார். பட்டம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

கால் போனது அவர் தப்பால் அல்ல. நெடுஞ்சாலையோரம் டயர் வெடித்து நின்ற யாரோ ஒரு டிரைவருக்கு உதவி செய்ய இறங்கினார். ஜாக்கி சரிந்தது. அவ்வளவுதான். அந்த டிரைவர் தன் சட்டையைக் கிழித்து அவர் காலை இறுக்கிக் கட்டினான். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "தூங்கிடாதீங்கண்ணே, தூங்கிடாதீங்க" என்று அழுதுகொண்டே வந்தான். "அவன் இல்லேன்னா நான் இல்ல" என்பார் பத்துச்சக்கரம். கால் போன நாளைக்கூட நன்றியோடு நினைக்கத் தெரிந்த மனிதர்.

ஒன்றே ஒன்றுதான் அவரால் முடியவில்லை. வெட்டுப்பட்ட காலை யாருக்கும் காட்ட முடியவில்லை. கண் விழித்ததும் செயற்கைக் காலை மாட்டிவிடுவார். அதற்கு மேலே முழுக்கால் பேண்ட், காலுறை, கயிறு கட்டிய ஷூ. வீட்டுக்குள்ளேயும் அப்படித்தான். ஆஸ்பத்திரியை விட்டால் அந்தக் காலைப் பார்த்தது இரண்டே பேர். ஒன்று மனைவி, இன்னொன்று செயற்கைக் கால் செய்து கொடுத்தவர். சொந்த மச்சான்கூடப் பார்த்ததில்லை.

ஜன்னலுக்கு வெளியே தெரு ஏற்றமாக இருந்தது. பாரம் ஏற்றிய லாரிகள் சரியாக அவர் வீட்டெதிரில்தான் மூச்சு வாங்கிக் கியரைக் குறைக்கும்.

"மூணுலேயே இழுக்கிறான் பாரு கடன்காரன். ரெண்டுக்கு வாடா டேய்... இப்ப... இப்ப..."

சொல்லும்போதே அவருடைய இடது தொடை நாற்காலியிலிருந்து எழும்பும். இல்லாத பாதம் இல்லாத கிளட்சை மிதிக்கும். கையில் ஊசி அப்படியே நிற்கும். மனைவி பார்த்தும் பார்க்காத மாதிரி தையல் மிஷினை இன்னும் வேகமாக ஓட்டுவாள். அவள் மூக்கை உறிஞ்சுவது அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்காது.

அப்படிப் போய்க்கொண்டிருந்த நாட்களில், ஒரு சாயங்காலம், வாசலில் ஒரு சின்னக் கார் வந்து நின்றது. இறங்கியது மச்சான், அதாவது மனைவியின் தம்பி. ஒர்க் ஷாப்பில் கியர்பாக்ஸ் வேலை பார்ப்பவன். கை ஓயாது, வாய் அதைவிட ஓயாது.

"மாமா, கொஞ்சம் வெளிய வாங்க. உங்களுக்கு ஒரு பொண்ணு பார்த்திருக்கேன்."

"மெதுவாப் பேசுடா. உங்க அக்கா கையில கத்தரிக்கோல் இருக்கு."

"அவளுக்கும் பிடிக்கிற பொண்ணுதான். குனிஞ்சு பாருங்க. எத்தனை பெடல்?"

பத்துச்சக்கரம் கதவைத் திறந்து குனிந்தார். இரண்டு. மறுபடி எண்ணினார். இரண்டேதான்.

"கிளட்ச் எங்கடா? ஆட்டோமேட்டிக்கா?"

"அதுவும் இல்ல, இதுவும் இல்ல. ஏ.எம்.டி.னு பேரு. உள்ள இருக்கிறது நம்ம பழைய கியர்பாக்ஸேதான் மாமா. அதே பல்சக்கரம், அதே கிளட்ச் பிளேட். நீங்க இருபத்திரண்டு வருஷம் மிதிச்சு மிதிச்சுத் தேய்ச்ச அதே சாமான். மிதிக்கிறதுக்குத்தான் ஒரு கருவி வெச்சிட்டான். எண்ணெய் அழுத்தத்துல ஓடுது. அதோட ஒரு கை கிளட்சை விடும், இன்னொரு கை கியரை மாத்தும். எப்ப மாத்தணும்னு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் சொல்லும்."

"அப்போ இடது கால்?"

"அதைத்தான் பெட்டிக்குள்ள வெச்சு மூடிட்டானே!"

சொன்ன பிறகுதான் மச்சானுக்கு நாக்கு சுட்டது. ஆனால் பத்துச்சக்கரம் கோபப்படவில்லை. கார் முகப்பின் மேல் கையை வைத்து, கன்றுக்குட்டியைத் தடவுவது போல ஒரு தடவு தடவினார்.

அந்தக் காருக்கும் ஒரு கதை இருந்தது. கியர் விழவில்லை, டாஷ்போர்டில் விளக்கு மின்னுகிறது என்று அதன் சொந்தக்காரர் எங்கோ கொண்டுபோய் விட, கியர்பாக்ஸே போச்சு, புதிதாக மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். மனம் வெறுத்து மச்சானிடமே தள்ளிவிட்டார் மனிதர். மச்சான் பார்த்தால், பாட்டரி சோர்ந்திருந்தது. "பாட்டரி சோர்ந்தா இந்தப் பெட்டிக்குப் புத்தி கலங்கிடும் மாமா. கருவிக்குக் கரண்ட் பத்தாம கியர் பாதியில நிக்கும். உள்ள ஒரு குறையும் இருக்காது. சாப்பாடு போடாம ஒருத்தனைப் பைத்தியம்னு சொன்ன கதைதான்."

வந்த காரியத்தை அதற்குப் பிறகுதான் சொன்னான். டயாலிசிஸ் மையத்தில், நோயாளிகளை வீட்டிலிருந்து கூட்டி வந்து கொண்டுபோய் விட ஒரு டிரைவர் தேவை. அவர்களுடைய காரும் இதே ரகம். மையத்து டாக்டரம்மாவிடம் பேசிவிட்டான். கால் போனதோடு பத்துச்சக்கரத்தின் பழைய லைசென்ஸும் போயிருந்தது. கிளட்ச் இல்லாத வண்டிக்கென்று புதிதாகப் பரீட்சை கொடுத்து வாங்க வேண்டும். "வாங்கிட்டு வரச் சொல்லுங்க, ரெண்டு மாசம் இடத்தை வெச்சிருக்கேன்" என்று சொல்லியிருந்தார் அந்தப் புண்ணியவதி.

பத்துச்சக்கரம் மனைவியைப் பார்த்தார். அவள் வாசற்படியில், கழுத்தில் அளவு நாடாவோடு நின்றுகொண்டிருந்தாள். பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

முதல் ஓட்டம். ஒன்றாவது கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது வண்டி ஒரு கணம் இழுவை விட்டுவிட்டு மறுபடி பிடித்தது. மூன்று பேர் தலையும் ஒன்றாக முன்னால் போய்ப் பின்னால் வந்தது. இரண்டிலிருந்து மூன்றுக்கும் அப்படியே.

மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னங்க, கல்யாணமான நாள்லேருந்து நீங்க இத்தனை தடவை ஆமான்னு தலையாட்டினதே இல்ல!"

"இந்த ரக வண்டிக்கு அது பிறவிக் குணம்க்கா" என்றான் மச்சான். "கிளட்சை விட்டு, கியரை மாத்தி, மறுபடி பிடிக்கிற வரைக்கும் சக்கரத்துக்கு இழுவை போகாது. அந்த நேரத்துல ஆக்சிலேட்டரை மிதிச்சுக்கிட்டே இருந்தா..."

அவன் முடிக்கவில்லை. பத்துச்சக்கரம் இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கியர் மாறப் போகிற அந்த நொடியில் வலது காலை இம்மி தளர்த்தினார்; மாறியதும் மெல்ல மிதித்தார். கியர் மாறியதே தெரியவில்லை. யார் தலையும் அசையவில்லை.

"மாமா!" மச்சான் கத்தினான். "வர்ற கஸ்டமருக்கெல்லாம் வருஷக் கணக்கா இதைச் சொல்லிக்கிட்டிருக்கேன். ஒருத்தனுக்கும் வரலை."

"நான் என்னடா பண்ணேன்? அவன் கிளட்ச் மிதிக்கிறான், நான் காலை எடுக்கிறேன். லாரியிலயும் அதானே?"

இயந்திரத்தை 'அவன்' என்று சொல்ல ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

அவனும் இவரும் ஒத்துப்போகாத இடம் ஒன்றே ஒன்று இருந்தது. ஏற்றம். பரீட்சை மைதானத்தில் ஒரு மேடு கட்டியிருந்தார்கள். அதன் நடுவில் நிறுத்தி, மறுபடி கிளப்ப வேண்டும். ஒரு ஜாண் பின்னால் போனாலும் போச்சு. வலது கால் பிரேக்கிலிருந்து ஆக்சிலேட்டருக்குப் போகிற இடைவெளியில், உள்ளே இருக்கும் கருவி கிளட்சைப் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது. அதற்குள் வண்டி பின்னால் உருண்டது. முதல் தடவை அப்படித்தான் தோற்றார். பரீட்சை எடுத்த பெண் அதிகாரி, டிரைவர்கள் மத்தியில் 'சிவப்பு மை' என்று பெயர் வாங்கியவர், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் தாளில் கோடு கிழித்துக் கொடுத்தார்.

வீட்டுத் தெருவிலேயே பயிற்சி ஆரம்பமாயிற்று. பின்னால் குழந்தைகள் விளையாடும் தெரு. வண்டி உருண்டால் ஆபத்து. அதற்கு மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். லாரி ஏற்றத்தில் நின்றால் கிளீனர் குதித்து இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கட்டை போடுவான் என்று இவர் ஆயிரம் தடவை கதை சொல்லியிருக்கிறாரே! சீருடை அடுக்கி வைக்கும் பலகையை அறுத்து முக்கோணமாக ஒரு கட்டை செய்துகொண்டாள். இவர் நிறுத்துவார். அவள் கதவைத் திறந்து குதிப்பாள், கட்டையைப் போடுவாள், "போகலாம்! போகலாம்! ரைட்டே!" என்று காரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவாள். வண்டி கிளம்பியதும் கட்டையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவாள்.

எதிர்வீட்டு வாத்தியார் மாடியிலிருந்து கேட்பார். "என்ன பத்துச்சக்கரம், புது கிளீனர் எப்படி?"

"வேலை சுத்தம் சார். வாய்தான் ஜாஸ்தி."

"இறங்கி வரட்டும், கட்டை சக்கரத்துக்கா தலைக்கான்னு பார்க்கலாம்!" என்பாள் மூச்சிரைக்க.

தெரு சிரித்தது. ஆனால் பரீட்சை மேட்டுக்கு மனைவியும் வரமாட்டாள், கட்டையும் வராது. இதை நினைத்து நினைத்துப் பத்துச்சக்கரம் தன் பழைய வித்தையை எடுத்தார். லாரிக்காரர்களுக்குள் ஒரு கௌரவம் உண்டு. ஏற்றத்தில் பிரேக்கைத் தொடாமல், பாதிக் கிளட்சிலேயே வண்டியை அந்தரத்தில் நிறுத்திக் காட்டுபவன்தான் டிரைவர். கைபிரேக்கைப் போட்டு ஏற்றுபவனைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார வைத்துக் கேலி பண்ணுவார்கள். இங்கே கிளட்ச் கையில் இல்லை. ஆனால் ஆக்சிலேட்டரை லேசாக, அளந்து மிதித்தால் வண்டி முன்னாலும் போகாமல் பின்னாலும் உருளாமல் அப்படியே நின்றது! அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் என்று நிறுத்திப் பழகினார். போகிற வருகிற சைக்கிள்காரர்களுக்கெல்லாம் காட்டினார். மூன்று வாரம்.

இரண்டாவது பரீட்சை நாள். மேட்டில் இவருக்கு முன்னால் ஒரு வண்டி அணைந்து நின்றுவிட்டது. பத்துச்சக்கரம் ஏற்றத்தில் தன் வித்தையோடு காத்திருந்தார். ஒரு நிமிஷம். இரண்டு. மூன்று. ஒரு கருகல் வாடை வந்தது. முன்னால் நின்ற வண்டிதான் என்று நினைத்தார். டாஷ்போர்டில் ஏதோ கிணுகிணுத்தது, ஒரு விளக்கு மின்னியது, கியர் தானே நியூட்ரலுக்குப் போய்விட்டது. அவர் கால் பிரேக்கைத் தேடுவதற்குள் வண்டி மேட்டிலிருந்து கீழே வரை உருண்டு வந்து நின்றது. புகை அவர் வண்டியிலிருந்துதான்.

சிவப்பு மை நடந்து வந்தார். "இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கு. அதுவும் போச்சுன்னா ஆறு மாசம் கழிச்சுத்தான் வர முடியும். மாசக் கடைசிக்குள்ள வாங்க."

டாக்டரம்மா இடத்தை வைத்திருந்ததும் அந்த மாசக் கடைசி வரைதான்.

ஒர்க் ஷாப்பில் மச்சான் பெட்டியைக் கழற்றி, கிளட்ச் பிளேட்டை வெளியே எடுத்து அவர் முன்னால் வைத்தான். கருகி, நீலம் பாய்ந்து, ஓரம் பொடிந்து கிடந்தது.

"இது ரெண்டு வருஷம் தாங்கியிருக்க வேண்டிய பிளேட் மாமா. மூணு வாரத்துல என்ன பண்ணீங்க?"

அவர் சொன்னார். வித்தையைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டு டயர் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"நீங்க ஆக்சிலேட்டர்ல பிடிச்சு நிறுத்தினப்போ உள்ள அவன் என்ன பண்ணிக்கிட்டிருந்தான்? பாதிக் கிளட்ச்சுல பிளேட்டைத் தேய்ச்சுக்கிட்டு நின்னான். நீங்க லாரியில பண்ணா கால் வலிக்கும், வாடை வரும், விட்டுடுவீங்க. அவனுக்கு மூக்கா இருக்கு? நீங்க சொன்னீங்க, அவன் நின்னான். வெந்து போற வரைக்கும் நின்னான். கைபிரேக் எதுக்கு மாமா வெச்சிருக்கான்?"

"கைபிரேக்கைப் போட்டு ஏத்தறவன் ஒரு டிரைவராடா?"

"யாரு பார்க்கிறா? சாப்பாட்டுக் கடையில உங்க கூட்டாளிங்க உட்கார்ந்திருக்காங்களா?"

பத்துச்சக்கரம் பிளேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார். "கால் கேட்குதுடா. இல்லாத கால்தான். இன்னும் மிதிக்கணும்கிறது. அதுக்கு ஒரு வேலை குடுக்கலாம்னு பார்த்தேன். அவனைச் சுட்டுட்டேன்."

வம்பு பேசாமல் மச்சானுக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. அன்றைக்கு வம்பை மூட்டை கட்டி வைத்தான். தன் விடுமுறை நாளைப் போட்டு, புதுப் பிளேட்டை மாட்டினான். அது முடிந்ததும் அவரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தான்.

"புதுசைப் போட்டா மட்டும் முடிஞ்சிடாது மாமா. பழைய பிளேட் எங்க பிடிச்சுதுன்னுதான் அவனுக்கு ஞாபகம். புதுசு எங்க பிடிக்குதுன்னு கத்துக்கணும். கத்துக்காம ஓட்டினா குலுக்கும், கியர் விழாது. நீங்க இஞ்சினைப் போட்டு, பிரேக்கை மிதிச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. அதுதான் உங்களுக்குக் கஷ்டம்."

ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்த உடைந்த மூடியைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, சோதனைக் கருவியின் வயரைச் செருகினான். மூடியை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தான். மாட்ட மறந்துபோனான்.

இஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். இஞ்சின் சத்தம் நூலளவு தாழ்ந்தது. உடனே விலகிக்கொண்டது. மறுபடி 'டொக்'. மறுபடி நெருங்கி, தொட்டு, தாழ்ந்து, விலகி. அவன் தேடிக்கொண்டிருந்தான். பிளேட் எங்கே பிடிக்கிறது, எங்கே விடுகிறது என்று இருட்டில் பாதத்தால் துழாவிக்கொண்டிருந்தான். முதன்முதல் லாரியில் ஏறிய அன்று, உடம்பெல்லாம் வியர்வையாக, இடது பாதத்தால் இதே இடத்தைத் தேடியவர்தானே இவர்! இல்லாத குதிகாலில் அந்தப் பிடிமானம் துல்லியமாகத் தெரிந்தது. இப்ப. இப்ப விட்டுட்டான். இப்ப மறுபடி.

கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. "கத்துக்கிட்டான்" என்றான் மச்சான், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து. பார்த்தவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்பேனரைத் தேடுவது போல் போய்விட்டான். ஆறு வருஷத்தில் மாமா அழுது அவன் பார்த்ததில்லை.

மாசக் கடைசி நாள் வந்தது. அன்று காலை மைதானத்தில் எட்டு வண்டிகள். மனைவியும் மச்சானும் கம்பி வேலிக்கு வெளியே நிற்க வைக்கப்பட்டார்கள். பத்துச்சக்கரம் இஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தார். கைபிரேக் போடுவது, மெல்ல மிதிப்பது, வண்டியின் பின்புறம் சற்றே அமுங்கி அவன் பிடித்துவிட்டான் என்று தெரிகிற வரை காத்திருப்பது, பிறகு விடுவது. நூறு தடவை செய்து பார்த்தாகிவிட்டது. கௌரவத்தை ஒர்க் ஷாப்பிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

சிவப்பு மை கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். பதட்டத்தில் தன் இடது தொடை எழும்பியதைப் பத்துச்சக்கரம் உணரக்கூட இல்லை.

"எடுங்க."

பிரேக்கை மிதித்து லிவரை இழுத்தார். டாஷ்போர்டில் நியூட்ரல் எழுத்து மின்னியது. கீச்சென்று ஒரு சத்தம். கியர் விழவில்லை. மறுபடி இழுத்தார். மின்னியது. கீச்சிட்டது.

"என்ன ஆச்சு?"

வேலிக்கு வெளியே மச்சான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டான். பின்னால் வரிசையில் யாரோ ஹாரன் அடித்தார்கள். சிவப்பு மை பேனா மூடியைக் கழற்றினார். வண்டி பழுது என்று எழுதினால் அந்த வாய்ப்பும் முடிந்தது.

"மேடம், ஒரு நிமிஷம் குடுங்க" என்றார் பத்துச்சக்கரம். "நான் பிரேக் மிதிச்சிருக்கேன்னு தெரிஞ்சாத்தான் இவன் கியர் போடுவான். எனக்கு என்னமோ இவனுக்குத் தெரியலைன்னு தோணுது. தயவுபண்ணி இறங்கி, பின் விளக்கு எரியுதான்னு பார்த்துச் சொல்றீங்களா?"

அதிகாரி அவரை ஒரு பார்வை பார்த்தார். விளக்கைப் பார்க்க வேண்டிய கட்டாயம் அவருக்கு எதுவும் இல்லை. இருந்தாலும் இறங்கிப் பின்னால் போனார்.

"மிதிங்க... எரியலையே!"

பத்துச்சக்கரம் ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்தார். மூடியில்லாத இடத்தில் வயர்கள் தொங்கின. பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் பொத்தானிலிருந்து ஒரு வயர் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. அதன் வளையம், அவருடைய இடது ஷூவின் முனையில் மாட்டியிருந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. வயரை எடுத்துச் செருகினார். 'கிளிக்.'

"எரியுது!" என்றார் சிவப்பு மை. திரும்ப வந்து உட்கார்ந்து, பேனாவை இன்னும் மூடாமல் கேட்டார். "எப்படிக் கழண்டுது?"

வயர் லூசா இருந்துது மேடம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்குத் தெரியும்? அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. வேலிக்கு அந்தப்பக்கம் அளவு நாடாவோடு நின்ற மனைவியைப் பார்த்தார். வார்த்தை உள்ளேயே போய்விட்டது.

"என் கால் இழுத்துடுச்சு மேடம். இடது கால் செயற்கை. பதட்டம் வந்தா கிளட்ச்சைத் தேடித் தூக்கும். நுனி எங்க படுதுன்னு எனக்குத் தெரியாது."

"ரோட்டுல போகும்போது இப்படி ஆனா?"

நியாயமான கேள்வி. ஓடுகிற வண்டியில் வயர் போனால் போகட்டும், அந்தக் கால் பிரேக் பெடலுக்கு அடியிலேயே மாட்டிக்கொண்டால்? பின்னால் உட்கார்ந்திருக்கும் நோயாளியின் கதி என்ன? பத்துச்சக்கரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அரை நிமிஷம் உட்கார்ந்திருந்தார். ஆறு வருஷம் அந்த அரை நிமிஷத்துக்குள் வந்து போயிற்று.

பிறகு குனிந்து, பேண்டை முழங்காலுக்கு மேலே சுருட்டினார். பட்டையை அவிழ்த்தார். ஷூவோடு, காலுறையோடு அந்தக் காலைக் கழற்றித் திரும்பிப் பின் சீட்டில் வைத்தார். வெட்டுப்பட்ட கால் பட்டப்பகலில், ஒரு வேற்று மனுஷியின் எதிரில், வெறுமனே இருந்தது.

"இந்த வண்டிக்கு அது வேண்டாம் மேடம். இதோட வேலையை உள்ள ஒருத்தன் பார்த்துக்கறான். இனிமே ஓட்டறப்போ கழற்றிட்டுத்தான் ஓட்டுவேன்."

சிவப்பு மை அந்தக் காலைப் பார்த்தார். பரிதாபமாகப் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. பெடலுக்கும் அதற்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளப்பது போலப் பார்த்தார். பிறகு பின்பக்கம் திரும்பினார்.

"கிளட்ச் இல்லாத வண்டின்னுதான் விதியில இருக்கு. காலை மாட்டிக்கிட்டு ஓட்டணும்னு எங்கயும் இல்ல" என்றவர், கையை நீட்டிப் பின் சீட் பெல்ட்டை இழுத்து, செயற்கைக் காலைச் சுற்றி மாட்டினார். "பிரேக் போட்டா உருண்டு முன்னால வந்துடும். ம்... எடுங்க."

கியர் விழுந்தது.

மேடு வந்தது. "நிறுத்துங்க." நிறுத்தினார். கைபிரேக்கை இழுத்தார். மெல்ல மிதித்தார். காத்திருந்தார். எத்தனை லாரிக்காரர்கள் பார்த்துச் சிரித்தாலும் பரவாயில்லை என்று காத்திருந்தார். வண்டியின் பின்புறம் அமுங்கியது. பிடிச்சுட்டான். கைபிரேக்கை விட்டார். ஒரு ஜாண் என்ன, ஒரு விரலளவுகூடப் பின்னால் போகவில்லை. வண்டி மேடேறி அந்தப்பக்கம் இறங்கியது.

அதிகாரி தாளில் ஏதோ எழுதினார். வாழ்த்தெல்லாம் சொல்லவில்லை. "அடியில இருக்கிற மூடியை மாட்டச் சொல்லுங்க உங்க மெக்கானிக்கை" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். ஆனால் உடனே அடுத்த வண்டிக்குப் போகவில்லை. மச்சானையும் மனைவியையும் உள்ளே விடும்படி காவலாளிக்குக் கை காட்டிவிட்டுப் போனார். பத்துச்சக்கரம் அந்த முதுகைப் பார்த்துக் கை கூப்பினார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மச்சான் ஓடி வந்து கதவைத் திறந்தவன் அப்படியே நின்றான். ஆறு வருஷமாகப் பார்க்காததைப் பார்த்தான். பிறகு பின் சீட்டைப் பார்த்தான்.

"என்ன மாமா, பாசஞ்சரா?"

"ஆமாடா. பேசாம வர்றான், நல்ல சவாரி."

மனைவி மைதானத்து மண்ணில் அப்படியே உட்கார்ந்து, அவர் வெட்டுக்கால் மேல் தன் கன்னத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அடுத்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். "இருய்யா, எங்க வீட்டுக்காரர் பாஸ் ஆகியிருக்காரு!" என்று அழுதுகொண்டே அவனை அதட்டினாள்.

முதல் நாள் வேலைக்கு, ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மா ஒருவரைக் கூட்டி வரப் போனார் பத்துச்சக்கரம். கோல் ஊன்றி மெதுவாக வந்து, பின் கதவருகே நின்ற அந்த அம்மா, முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த ஷூக்காலைப் பார்த்துத் திகைத்தார்.

"பயப்படாதீங்கம்மா, என் காலுதான். இந்த வண்டியில அதுக்கு வேலை இல்ல. சும்மா கூட வருது."

அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "என் கிட்னியும் அப்படித்தான் தம்பி. வேலை இல்ல, சும்மா கூட வருது" என்றார்.

இருவரும் சிரித்தார்கள். பத்துச்சக்கரம் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்து, அவர் சரியாக உட்கார்ந்துவிட்டாரா என்று கேட்டுக்கொண்டு, பிரேக்கை மிதித்து லிவரை இழுத்தார்.

"புண்ணியமாப் போகும் தம்பி, இப்படி வீட்டு வாசலுக்கே வந்து கூட்டிட்டுப் போறீங்க."

"நீங்க வேற அம்மா" என்றார் அவர். "என்னை வீட்டை விட்டு வெளிய கூட்டிட்டு வந்ததே நீங்க எல்லாருந்தான்."